கற்பாறையும் கருணைக் கையும்: திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில் ஓர் ஆராய்ச்சி

தமிழ்மொழி கொடுமைக்கும் இரக்கத்துக்கும் இட்ட பெயர்கள் கண்ணைப் பற்றி நிற்றல் கருதத்தக்கது. பிறர் படுந்துயரைக் கண்டும் அசையாதிருப்பவன் வன்கண்ணன் எனப்படுவான். கண்டவிடத்து உள்ளம் நெகிழ்ந்து ஓடுதல் கண்ணோட்டம் எனப்படும். கன்னெஞ்சம் என்னும் வழக்கும் உண்டேயாயினும், நூலோர் பெரிதும் ஆண்ட சொற்கள் இவ்விரண்டுமேயாம். நெஞ்சின் குணங்களாகிய இவற்றை முன்னோர் கண்ணின்மேல் ஏற்றிக் கூறியது என்னையெனின், ஒருவனுடைய இரக்கமும் இரக்கமின்மையும் அவன் எதனைக் காண்கின்றான், எதனைக் காணாது விடுகின்றான் என்பதிலேயே தொடங்குதலின் என்க.

திருவள்ளுவர் கண்ணோட்டத்துக்கென 58-ஆம் அதிகாரத்தை வகுத்தார். அதனைத் துறவறவியலிற் சேர்த்திலர். அரசியலுள், வெருவந்த செய்யாமைக்கு அடுத்து வைத்தார். தண்டிக்கும் வன்மை உடையானிடத்தன்றோ கண்ணோட்டத்துக்கு வேலை உண்டு! இன்னுமொன்று: வன்கண் என்னுஞ் சொல்லை அவரே ஓரிடத்தில் இகழ்ச்சியாகவும் பிறிதோரிடத்திற் புகழ்ச்சியாகவும் ஆண்டுள்ளார். ஈதலின் இன்பம் அறியாது பொருளைக் குவித்து வைத்து இழப்பாரை வன்கணவர் என இகழ்ந்தவர், அமைச்சனுக்கு வேண்டுங் குணங்களை எண்ணுமிடத்து வன்கண்ணை முதலில் வைத்து எண்ணினார். ஆகவே வன்மை முழுதும் தீது என்றாதல், மென்மை முழுதும் நன்று என்றாதல் தமிழ்நூல் கொள்ளவில்லை. வன்மை யார்மேற் செல்கின்றது, எதன்பொருட்டுச் செல்கின்றது என்பதே வினா. இவ்வினாவைத் துணையாகக் கொண்டு, கச்சிப்பதியிற் பிறந்த அடியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பெரியபுராணத்தின்மேற் சாற்றப்படும் குற்றங்களுள் தலையாயது, அது வன்செயல்களைப் பக்தியென்று பாராட்டுகின்றது என்பது. இக்குற்றச்சாட்டு மிக உரக்க எழுந்த காலம் 1943-ஆம் ஆண்டு. காஞ்சியிற் பிறந்தவரும், பின்னர் 1967-இல் இம்மாநிலத்தின் முதலமைச்சரானவருமாகிய திரு. சி. என். அண்ணாதுரை அவர்கள் அவ்வாண்டிற் சென்னையில் இரா. பி. சேதுப்பிள்ளை அவர்களோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் அவர்களோடும் மேடையேறி வாதிட்டார். அவ்வுரைகள் 'தீ பரவட்டும்' என்னும் பெயரால் நூலாயின. வாதத்திற் பெரும்பகுதி கம்பராமாயணம் பற்றியதாயினும் பெரியபுராணமும் அதனுடன் வைத்தே பேசப்பட்டது. அவர் கொள்கையோடு நமக்கு உடன்பாடின்மை சொல்லாமலே அமையும். ஆயினும் வினவினார் மாற்றார் என்பதனால் வினா பொய்யாகிவிடாது. தந்தையின் தாளை வெட்டிய செயலையும், மகனை அரிந்த செயலையும் படிக்கும் இளைஞன் ஒருவன், 'இது அருளா?' என்று கேட்பானாயின், அவனைக் கடிந்து வாயடக்குதல் சைவருக்கு அழகன்று. யான் பாடஞ் சொல்லிய முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் இவ்வினாவைக் கேளாத மாணாக்கர் குழு ஒன்றேனும் இருந்ததில்லை. கேளாதவரினும் கேட்டவரே பின்னர் நூலை ஊன்றிப் படித்தனர்.

இனித் திருக்குறிப்புத்தொண்டர் வரலாற்றுக்கு வருவோம். சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் இவர் பெயரை மட்டுமே எடுத்தோதினார். நம்பியாண்டார் நம்பிகள் அந்தாதியில் ஒரு பாட்டால் வகுத்துரைத்தார். கச்சி ஏகாலியர் குலத்தவர் என்பதும், சிவனடியார் ஆடைகளை ஒலித்து உலர்த்தும் பணியினர் என்பதும், மழை விடாதாயின் உயிர்விடுவேன் என்று துணிந்து பாறையில் தலையை மோதினார் என்பதும் அப்பாட்டிற் போந்த செய்திகள். அங்கே குளிரால் நடுங்கும் அடியவர் இல்லை. பாறையருகில் எழுந்த கையும் இல்லை. அவ்வளவோடு நிறுத்திப் பார்ப்பின் இஃது ஒரு வன்றொண்டின் கதையே. கொண்ட பணி முட்டுப்பட்டது. முட்டுப்பட்டபின் வாழேன் என்னும் உறுதி எழுந்தது. அவ்வுறுதி வியக்கத்தக்கதே. ஆயின் அது தன் சொல்லையும் தன் பணியையுமே நோக்கி நிற்பது.

12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் சுவாமிகள் இக்கதையை எடுத்து விரித்தபோது அதனுட் புதிதாக வைத்தது யாது? இதனை வினவாமல், 'விரித்துரைத்தார்' என்று மட்டும் சொல்லிச் செல்லுதல் ஆராய்ச்சி ஆகாது. அவர் வைத்தது ஒரு மெலிந்த உடம்பை. குளிர் மிக்க காலத்தில், இளைத்த மேனியோடு, அழுக்கேறிய கந்தையொன்றை உடுத்து வருகின்றார் ஓர் அடியவர். தொண்டர் அவர் முகக்குறிப்பை உணர்ந்து, கந்தையைத் தாரும், ஒலித்துத் தருவேன் என்கின்றார். குளிருக்கு இக்கந்தையன்றி வேறில்லை, பொழுது சாயுமுன் தரல் வேண்டும், தாராதொழியின் இவ்வுடம்புக்கு இடர் செய்தீராவீர் என்பது வந்தவர் மறுமொழி. தொண்டர் இசைந்து வாங்கிச் சென்று, துறையில் மாசு போக்கிப் புழுக்கி, ஒலிக்கப் புகும் பொழுதில் நண்பகல் கழிகின்றது; மழை எழுகின்றது. அம்மழையும் இறைவன் திருவருளாலேயே எழுந்தது என்று சேக்கிழார் சொல்லிவிடுகின்றார். இச்சொல்லைப் பின்னர் ஒருகால் நினைவுகூர்வோம்.

மழை விடவில்லை. இரவு வருகின்றது. இவ்விடத்துத் தொண்டர் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தைச் சில வசன நூல்களும் பாடப்புத்தகங்களும் 'சொன்ன சொல் தவறினேனே என்று வருந்தினார்' என ஒரு தொடரில் முடித்துவிடுகின்றன. சொல் தவறியதும், தம் குற்றேவல் அழிந்ததும் அவர் வருத்தத்தில் உண்டு, இல்லையென்பார் யார்? ஆயின் மூலத்தில் அவ்வருத்தம் சென்று முட்டுமிடம் வேறு. அங்கே ஓர் உடம்பு குளிரால் நடுங்கிக்கொண்டிருக்கின்றது. அந்நடுக்கத்துக்குக் காரணம் யான் என்பதே அவர் நெஞ்சை அறுத்தது. அதனோடு அவர் சொல்லும் மற்றொன்று உண்டு. முன்னரே அறிந்து இதனை வீட்டிலேயே நனைத்துக் காற்றேற்கச் செய்திருக்கலாமே, அது தோன்றாமற் போயிற்றே என்று தம்மை நொந்துகொள்கின்றார். எத்துணைச் சிறிய செய்தி! பொழியும் மழையை நொந்தாரில்லை, விதியை நொந்தாரில்லை. துணி வெளுப்பவன் ஒருவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய தொழில்நுட்பமான ஒரு வழி, காலங்கடந்து தோன்றுகின்றது. பிறர் துயரை உண்மையில் உணர்ந்தவனுடைய அடையாளம் இதுவே. சொல்லைக் காக்கவேண்டும் என்று மட்டும் எண்ணுபவன் மழைமேற் பழியிட்டுத் தப்பலாம். குளிரும் உடம்பைக் கண்ணாற் கண்டவனுக்கு அவ்வழி இல்லை.

இன்னும் நுணுகி நோக்கின், சேக்கிழார் வினைச்சொற்களைக் கையாண்ட திறம் புலப்படும். கந்தையைக் கல்லிற் புடைத்தல், எற்றுதல் என்னும் ஏகாலியர் தொழிற்சொற்களையே தலைக்கும் அவர் இட்டார். அழுக்குத் துணியை எந்தப் பாறையில் எவ்வாறு அடிப்பாரோ, அப்பாறையில் அவ்வாறே தம் தலையை அடிக்கத் துணிந்தார் என்பது கருத்து. இப்புராணத்தின் முற்பகுதியிலேயே, அடியார் ஆடையின் மாசைக் கழிப்பவர்போலத் தம்முடைய மலமாசையே கழித்துவந்தார் என்று கூறியிருத்தலின், இச்சொல்லாட்சி தற்செயலாய் அமைந்ததன்று. தம்மையே ஒரு மாசுற்ற துணியாகக் கண்டார் அவர். வன்மை இங்கும் உண்டு. பாறையினும் வலிய வன்மை. ஆயினும் அது திரும்பியது தம்மேல். பிறர்பாற் கண்ணோட்டமும் தம்பால் வன்கண்மையும் ஒரே நொடியில் ஓருள்ளத்தில் நின்றன.

அப்பாறையின் அருகே ஒரு கை எழுந்து அவரைப் பிடித்தது. யாருடைய கை? இறைவனுக்குப் பெயர் ஆயிரம் உள. பிறைசூடி எனலாம், விடையேறி எனலாம், மானேந்தியவன் எனலாம். சேக்கிழார் இவ்விடத்துத் தேர்ந்து இட்ட பெயர் வளைத்தழும்பர் என்பது. அஃதாவது, வளையலின் வடு உடையவர். இப்பெயரின் பொருள் தெரிதற்கு இதே புராணத்தின் முன்னே திரும்பிச் செல்லல் வேண்டும்.

திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தைப் படிப்பார் பலர் ஒரு குறை சொல்லுவர். தொண்டர் வரலாறு முடிவில் ஒரு சில பாட்டுக்களே. அதற்கு முன் நூறு பாட்டுக்கு மேலாகத் தொண்டைநாட்டையும் காஞ்சியையும் வருணித்தது மிகை என்பர். சேக்கிழார் குன்றத்தூரிற் பிறந்தவர் ஆதலின் தம் நாட்டுப் பற்றால் நீட்டினார் என்று அமைதி கூறுவாரும் உளர். பற்று இருக்கலாம்; அதனை மறுக்க யான் முயலேன். ஆயின் அந்நீண்ட பகுதியின் நடுவே அமைந்தது உமையம்மையார் கம்பையாற்றங்கரையிற் பூசித்த வரலாறு என்பதை மறத்தலாகாது. வெள்ளம் பெருகி வருகின்றது. இலிங்கத் திருமேனிக்கு என்னாகுமோ என்று அஞ்சி அம்மையார் தழுவிக்கொள்கின்றார். தழுவிய திருமேனி குழைகின்றது. முலைச்சுவடும் வளைத்தழும்பும் ஏற்கின்றது. மாதவச் சிவஞான முனிவரும் தம் காஞ்சிப்புராணத்தில் இந்நிகழ்ச்சியைச் சிறப்பாக எடுத்துப் பாடினார். தழுவக்குழைந்த நாதர் என்னும் பெயர் இன்றும் காஞ்சி மக்கள் வாயில் வழங்குகின்றது.

இப்பொழுது இரண்டையும் ஒருங்கு வைத்துக் காண்க. அங்கே வெள்ளம், இங்கே மழை. அங்கே இறைவன் உருவுக்கு ஊறு நேருமோ என்னும் அச்சம். இங்கே அடியவர் உடம்புக்கு ஊறு நேர்ந்ததே என்னும் ஆற்றாமை. அங்கே அன்பு தழுவத் திருமேனி குழைந்தது. இங்கே அன்பு மோதப் பாறையருகில் கை முளைத்தது. குழைந்து வடுவேற்ற திருமேனி எதுவோ அத்திருமேனியின் கையே எழுந்தது என்று அறிவித்தற்கே வளைத்தழும்பர் என்றார். முற்பகுதியை மிகையென்று நீக்கிப் படிப்பானுக்கு இப்பெயர் வெற்றுப்பெயராய் நின்றுவிடும். நீக்காமற் படிப்பானுக்கோ, அக்கை முன்னமே ஒருமுறை இரங்கிப் பழகிய கை என்பது விளங்கும். ஒரு காவியத்தின் நீளத்தைக் குறைகூறுவார் அந்நீளத்தால் விளைந்த பயனைக் கண்டபின் கூறுதல் நன்று.

கச்சிக்குரிய மற்றொரு நாயனார் சாக்கியர். சங்கமங்கையிற் பிறந்து, காஞ்சியிற் பௌத்தநூல் பயின்று, சிவநெறியே மெய்யெனத் தெளிந்தபின்னும் பௌத்த வேடத்தை மாற்றாது நின்று, நாடோறும் இலிங்கத்தின்மேல் ஒரு கல் எறிதலையே பூசையாகக் கொண்டவர். உணவு கொள்ள அமர்ந்தவர், கல்லெறிய மறந்தமை நினைந்து எழுந்தோடிய செய்தி யாவரும் அறிந்தது. சிறு மகவு கைவலியால் வல்லென அடிப்பினும் பெற்றோர்க்கு அஃது இன்பமே என்னும் கருத்தைச் சேக்கிழார் ஈண்டு வைத்தார். பிறர் கல்லென்பது அரனார்க்கு மலர் என்றும் முடித்தார். எனினும் என் கருத்து யாதெனின், சாக்கியர் கதை திருக்குறிப்புத்தொண்டர் கதையின் ஆழத்தை எட்டவில்லை. அங்கே கல்லும் அன்பும் உள. துயருறும் மூன்றாமவர் ஒருவர் இல்லை. கண்ணோட்டத்துக்கு இடமில்லாத அன்பு அது.

இனி, கடினமான இடத்துக்கு வருவோம். கழற்சிங்க நாயனார் பல்லவர் குலத்து அரசர். திருவாரூர்க் கோயிலில் அவருடைய பட்டத்தரசி பூமண்டபத்தருகே கிடந்த பூவொன்றை எடுத்து மோந்தார். செருத்துணையார் அவர் மூக்கை அறுத்தார். அதனை அறிந்த அரசர், முதலில் எடுத்த கையை அன்றோ வெட்டல் வேண்டும் என்று வெட்டினார். சிறுத்தொண்டர் வரலாற்றில் மகன் சீராளன் பள்ளியினின்று ஓடிவருவான்போல் மீண்டு வந்தான். ஈண்டு அரசியின் கை மீண்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. இதனை மூடி மறைத்துப் பேசுவார் சைவத்துக்கு நன்மை செய்தாரல்லர்.

'இஃது மறக்கருணை' என்பார் சிலர். இச்சொல்லை எளிதில் எடுத்தாளுதல் தகாது. சித்தாந்த நூல்கள் இறைவன் செயலை அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் பகுத்துக் கூறும். பெற்றோர் சொற்கேளாத மகவை வளாரால் அடித்துத் திருத்துதல்போல இறைவன் ஒறுத்தலும் அருளே என்று சிவஞான சித்தியார் தெளிவுறுத்தும். மறைப்பாற்றலாகிய திரோதானம் சினமுடையதுபோலத் தோன்றினும் மலம் பக்குவப்படுதற்கு வழி செய்தலின் முடிவில் அருளேயாம் என்பதும் சித்தாந்தம். மேலே நினைவிற் கொள்க என்ற மழை இவ்வகையது. தொண்டரின் அன்பு வெளிப்படும்பொருட்டு எழுந்த மழை அது. சுந்தரர் வரலாற்றிலும் இதனைக் காணலாம். திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் சொன்ன சூள் பிழைத்துக் கண்ணிழந்து திருவெண்பாக்கம் அடைந்த அவருக்கு இறைவன் ஊன்றுகோல் ஒன்றைத் தந்து, யாம் உள்ளோம், நீர் போம் என்ற அளவில் வல்லென விடையிறுத்தான். அடுத்துக் கச்சி ஏகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. அங்கே பாடிய பதிகத்தில், வெள்ளங் காட்டி அம்மையை வெருட்டியதும், அவர் அஞ்சித் தழுவ வெளிப்பட்டதும் சுந்தரராற் பேசப்படுதல் நோக்கத்தக்கது. வெருட்டுதலும் வெளிப்படுதலும் ஒருவன் செயலே என்பதைக் கண்ணிழந்து பெற்றவர் அறிந்து பாடினார்.

ஆயின் மறக்கருணைக்கு வேண்டுவன இரண்டு: ஒறுக்கப்படுவானுடைய பக்குவத்தை முற்ற அறியும் அறிவு, ஒறுத்தபின் அவனை எடுத்துக்கொள்ளும் ஆற்றல். இவ்விரண்டும் முற்றறிவும் பேராற்றலும் உடைய இறைவனுக்கே உரியன. ஆணவத்தாற் கட்டுண்ட உயிர் தன் சினத்துக்கு மறக்கருணை என்று பெயரிடுமாயின், அது மலத்துக்குத் திருநீறு பூசியதேயாகும். கழற்சிங்கர் செயலை அவர்தம் நிலைக்குரிய தனிச்செயலாக வைத்து வணங்கலாமேயன்றி, அதிலிருந்து ஒரு விதி எடுத்தல் கூடாது. சேக்கிழார் அக்கதையைச் சில பாட்டுக்களிற் சுருங்கச் சொல்லிப் போயினமையும், ஏகாலியர் குலத்துத் தொண்டருக்குக் காஞ்சி முழுவதையும் முன்னுரையாக வைத்தமையும் அவர் உள்ளம் எப்பாற் சாய்ந்தது என்பதைக் காட்டும் என்பது என் துணிபு. இத்துணிபால் அரசியின் கை பற்றிய இடர்ப்பாடு தீர்ந்துவிட்டது என்று யான் சொல்ல வரவில்லை.

காஞ்சியின் பழைய இலக்கியத்தில் இரக்கத்துக்கு மற்றுமொரு சான்று உண்டு. மணிமேகலை பசியால் வாடிய கச்சிமாநகர் புகுந்து, அமுதசுரபியால் அனைவருக்கும் உணவளித்த காதை அது. பௌத்த நூல் என்று நாம் அதனைத் தள்ளவேண்டுவதில்லை. குளிரும் பசியும் சமயம் பார்த்து வருவனவல்ல.

நூலைவிட்டு ஊருக்குள் வருவோம். காஞ்சியிற் பட்டு நெய்வார் அறிந்த செய்தி ஒன்று: பச்சைப் பட்டுநூல் தன்மேற் படிந்த பசையால் விறைப்பாய், ஒளியின்றி இருக்கும். சவர்க்காரமிட்டுக் கொதிநீரிற் காய்ச்சிய பின்னரே பசை நீங்கி மென்மையும் பளபளப்பும் வரும். மலபரிபாகத்துக்கு இதனினும் நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை; நூலாசிரியர் எவரும் இதனைக் கையாளக் கண்டிலேன். ஆனால் அதே தறிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோர்வையில் நெய்தற்கு, நெய்வானுக்கு அருகில் அமர்ந்து கரைநாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அக்கை பெரும்பாலும் சிறுவரின் கையாயிருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியிற் கட்டுண்டு உழைத்தமை பல அறிக்கைகளிற் பதிவாகியுள்ளது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இலும் வந்தன. 14 வயதுக்குட்பட்டாரை வேலையில் அமர்த்தலை ஏறத்தாழ முழுதும் விலக்கிய திருத்தம் 2016-இல் வந்தது. இவ்வளவு காலமும் அப்பட்டை உடுத்து ஏகம்பத்தும் காமகோட்டத்தும் வலம்வந்தோர் கொடியவரல்லர்; பலர் நாடோறும் திருமுறை ஓதியவர். அவர்க்குக் குறைந்தது அன்பு அன்று, குறிப்பறிதலே. சேலையின் கரையைக் கண்ட கண், கரைநாடாவைத் தள்ளிய கையைக் காணவில்லை. நெய்வாரும் வறுமையில் இருந்தவரே ஆதலின் அவர்மேற் பழி சுமத்துதலும் என் கருத்தன்று.

திருக்குறிப்புத்தொண்டர் என்னும் பெயரிலேயே குறிப்பு உள்ளது. அடியவர் வாய்திறந்து கேளாமுன் முகத்தைக் கண்டு உணர்ந்தமையால் வந்த பெயர் அது. காஞ்சி முத்தீசர் கோயிலில் இன்றும் அவரை வழிபடுகின்றோம். அவர் குருபூசையன்று பாறையில் தலை மோதிய செய்தியை உருக்கமாகப் பேசுவார் உளர். வீட்டிலேயே நனைத்துக் காற்றில் உலர்த்தியிருக்கலாமே என்று அவர் நொந்த அப்பாட்டையும் உடன் எடுத்துப் பொருள்சொல்லுதல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான வசன நூல்களில் அவ்வொரு செய்தி பெரும்பாலும் விடுபட்டிருக்கின்றது. இனிப் பதிப்பிப்போர் அதனைச் சேர்த்துக்கொள்வாராக.